வேலை கிடக்கிறது, பணியிடம்தான் இல்லை

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மாதத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் தவறாமல் நடக்கும் பேச்சு இது. பிள்ளை சூழலியல் படிக்க வேண்டும், காட்டுயிர் படிக்க வேண்டும் என்று வாயெடுத்தால் பெரியப்பாவும் தாய்மாமாவும் டியூஷன் வாத்தியாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "அதுக்கெல்லாம் ஸ்கோப் கிடையாது. வசதியான வீட்டுப் பிள்ளைங்க கேமராவைத் தூக்கிக்கிட்டுச் சுத்துற படிப்பு. மொதல்ல ஒரு வேலையில உக்காரு, பறவையை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்." உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளிலும் இதையே சற்று மெருகேற்றிச் சொல்கிறார்கள். விலங்கியல் ஆசிரியர்களே தங்கள் மாணவர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பேச்சை நான் முழுதாக மறுக்கிறேன். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் பெரியவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் சொல்லும் செய்தி தவறு. இயற்கைப் பாதுகாப்பில் வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் அன்றாடம் அதைச் செய்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பணியிடம் இல்லை, குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் இல்லை, கற்ற கையை மேலே கொண்டுபோகும் பயிற்சி இல்லை. "ஸ்கோப் இல்லை" என்று நாம் சொல்லச் சொல்ல, சம்பளம் கொடுக்க வேண்டியவர்களின் பொறுப்பு மறைந்துபோகிறது. இருக்கும் வேலையை இல்லை என்று சொல்வதால் லாபம் அடைவது அவர்கள்தான்.

2018இல் நடந்த அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 26,838 இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்து, 3 கோடியே 48 லட்சம் படங்கள் எடுத்தார்கள். உலகிலேயே பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று அது கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. ஒரு கேமராவை வைப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். புலி நடக்கும் தடம் எது என்று காலடி, எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல் ஆகியவற்றை வைத்து முதலில் தீர்மானிக்க வேண்டும். புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் தடத்தின் இருபுறமும் எதிரெதிராக, முழங்கால் உயரத்தில் இரண்டு கேமரா கட்ட வேண்டும். முன்னால் நிற்கும் புல்லை அறுக்காவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் படம் பிடித்துப் பேட்டரி தீர்ந்துவிடும். யானை பிடுங்கி எறியாத இடமாகவும் இருக்க வேண்டும். பிறகு வாரக்கணக்கில் அந்த வழியே திரும்பத் திரும்ப நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதுமலையிலும் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் களக்காட்டிலும் ஆய்வாளருக்கு முன்னால் வழிகாட்டி நடப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடியினர். அவர்களுக்குக் கிடைப்பது தொகுப்பூதியம். நெடுநாளாக மாதம் 12,500 ரூபாயாக இருந்து, பிறகு 15,625 ஆனது. தமிழ்நாட்டின் புலி எண்ணிக்கை 264இலிருந்து 2022 கணக்கெடுப்பில் 306 ஆக உயர்ந்தது என்று பெருமைப்பட்டோம். அந்த எண்ணைச் சுமந்து வந்தவர்கள் பலரின் பணி இன்றும் தற்காலிகம்.

"அது கூலி வேலை, படிப்புக்கான வேலை ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எச்சத்தைக் கிளறி மயிரைப் பார்த்து அது கடமானா, காட்டுப்பன்றியா என்று சொல்பவர் செய்வது சூழலியல். அதை ஆங்கிலத்தில் எழுதி ஆய்விதழுக்கு அனுப்புபவர் செய்வதும் சூழலியல். முதல் வேலை இல்லாமல் இரண்டாவது நடக்காது. இரண்டுக்கும் நடுவில் ஏறிப்போக ஏணி வைக்காததுதான் நம் தவறு. காவலராகச் சேர்ந்தவர் பயிற்சி பெற்றுக் களத் தொழில்நுட்பராகி, பிறகு கணக்கெடுப்புப் பொறுப்பாளராகும் பாதை இருந்தால், "ஸ்கோப்" என்று நாம் கேட்பது அதுவாகத்தானே இருக்கும்?

அடுத்து, என் கட்டுரையின் நடுத்தூணாக நான் கருதும் செய்தி. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம், நாட்டின் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழு தன் ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடாக எழுதி வைக்க வேண்டும். சட்டம் வந்து பல ஆண்டுகளாகியும் மிகச் சில ஊர்களில்தான் அது நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் பிப்ரவரி முதல் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. உடனே பரபரப்பு. நாடெங்கும் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் காகிதத்தில் எழுந்தன. பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. பக்கத்து ஊர்ப் பட்டியலையே பெயர்த்து எழுதியது போன்ற பதிவேடுகள் பற்றி வல்லுநர்கள் தொடர்ந்து குறை சொல்லி வருகிறார்கள்.

ஓர் ஊராட்சியின் பதிவேட்டை ஒழுங்காக எழுத என்ன தேவை? ஒருவர் குறைந்தது ஓர் ஆண்டு அந்த ஊரில் சுற்ற வேண்டும். ஐப்பசி மழையில் கலங்கல் வழியே எதிரேறி வரும் மீன்கள் எவை, தை மாதம் ஏரியில் இறங்கும் வாத்துகள் எவை, சித்திரையில் ஏரி வற்றும்போது வலையில் மிஞ்சுவது எது என்று மூன்று பருவமும் பார்க்க வேண்டும். மேய்ச்சல்காரரிடம் உட்கார்ந்தால்தான் புல்லின் பெயர்கள் வரும். ஆடு எதைத் தின்னும், மாடு எதை ஒதுக்கும் என்பது வரும். மருத்துவச்சியிடம் மூலிகை வரும், ஆனால் முதல் நாளே வந்துவிடாது. கைவிடப்பட்ட நெல் ரகங்களை எழுபது வயதுக்காரர்கள்தான் சொல்வார்கள். ஊர்ப் பெயரோடு அறிவியல் பெயரைச் சேர்க்க, செடியைப் பறித்து அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, பெயர் தெரிந்த தாவரவியலாளரிடம் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். இது முழுநேர வேலை. திறமை வேண்டிய வேலை. பயிற்சி கொடுத்தால் ஊரிலேயே பிறந்த ஒரு பட்டதாரி வெளியாளைவிடச் சிறப்பாகச் செய்வார்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகள். மூன்று ஊராட்சிக்கு ஒருவர் என்று வைத்தாலும் நாலாயிரத்துக்கு மேல் பணியிடம். சட்டம் ஏற்கெனவே விதித்திருக்கும் கடமைக்காகச் சொல்கிறேன். புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு நிறுவனம் ஊரின் உயிர்வளத்தை எடுத்து வணிகம் செய்தால் கட்டணம் வாங்கும் உரிமையும் அதே சட்டத்தில் குழுவுக்கு உண்டு. பதிவேடு பொய்யாக இருந்தால் எதைக் காட்டிக் கேட்பது? தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊராட்சிகளில், தங்கள் ஊருக்கு இப்படி ஒரு பதிவேடு இருப்பதே பலருக்குத் தெரியாது. வேலை இல்லாததால் வந்த நிலையா இது?

"பணம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. காட்டை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து 2019 ஆகஸ்டில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டில் ஜப்பானியக் கடனுதவியோடு 920 கோடி ரூபாய் மதிப்பில் பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கல் திட்டம் நடக்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் என்று மூன்று இயக்கங்களை அரசு தொடங்கியிருக்கிறது. பணம் நாற்றாகவும் வேலியாகவும் கட்டடமாகவும் வாகனமாகவும் செலவாகிறது. எந்த மண்ணில் எந்த மரம், எங்கே மரமே கூடாது என்று சொல்லத் தெரிந்த ஆளுக்குச் சம்பளமாக அதில் எவ்வளவு போகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீலகிரியும் பழனிமலையும் காட்டுகின்றன. சோலைக்காட்டை அடுத்து விரிந்த மலைப்புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணி, ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பிறகும் சீகை மரத்தையும் தைலமரத்தையும் அடர்த்தியாக நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை கிடைக்கும், ஆலைக்குக் கூழ் கிடைக்கும் என்பது கணக்கு. மழைநீரை உள்வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விட்ட புல்வெளியின் பெரும்பகுதி போயிற்று. வரையாடு மேய்ந்த இடமும் போயிற்று. இன்று அதே மரங்களை வெட்டி எடுத்துப் புல்லை மீட்கப் பணம் ஒதுக்குகிறோம், வரையாட்டுக்கென்று 2022இல் 25 கோடி ரூபாயில் தனித்திட்டம் போட்டோம். புல்வெளியை அறிந்த சிலருக்கு அன்றே வேலை கொடுத்து அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தச் செலவில் பெரும்பங்கு மிஞ்சியிருக்கும். சீமைக்கருவேலத்தின் கதையும் காட்டில் பரவியிருக்கும் உண்ணிச்செடியின் கதையும் இதே வகை. வெட்டி எடுப்பது ஒரு நாள் வேலை. வெட்டிய இடத்தில் அது மறுபடி முளைக்காமல், உள்ளூர்ப் புல்லும் மரமும் எழும்வரை பார்த்துக்கொள்வது ஆண்டுக்கணக்கான வேலை. ஒப்பந்ததாரர் முதல் வேலைக்குக் கிடைப்பார். இரண்டாவது வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் ஊரிலேயே வேண்டும்.

அந்த இரண்டாவது வேலை எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் வால்பாறைக்குப் போகலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் துண்டுதுண்டாக மிஞ்சிய மழைக்காட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இருபது ஆண்டுக்கும் மேலாக மீட்டு வருகிறது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை, நெல்லைப் போலக் குதிரில் போட்டு வைக்க முடியாதது, காய்ந்தால் செத்துவிடும். சாலையோரத்தில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போகிறதைப் பொறுக்கி வந்து, பதம் கெடுவதற்குள் பையில் ஊன்ற வேண்டும். எந்த மரம் எந்த மாதம் உதிர்க்கும், எந்த நாற்று நிழல் கேட்கும், எது வெயிலைத் தாங்கும் என்பதெல்லாம் நாற்றங்காலில் வேலை பார்க்கும் உள்ளூர் ஆட்களின் விரல் நுனியில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மரவகைகளை வளர்க்கும் இந்தத் திறமைக்கு நம் ஐ.டி.ஐ.களில் ஒரு பிரிவு உண்டா? ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் உண்டு. காடு மீட்பவருக்கும் வேண்டும்.

இது ஆங்கிலம் பேசும் பணக்காரப் பிள்ளைகளின் துறை என்ற வாதத்துக்கு வருகிறேன். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி பல ஆண்டுகளாகக் காட்டுயிர் உயிரியலில் முதுகலை நடத்துகிறது. காவிரிப் படுகை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே படித்து, நாட்டின் பல காடுகளில் ஆய்வாளர்களாக இருக்கிறார்கள். உதகை அரசு கலைக் கல்லூரியிலும் அதே முதுகலை உண்டு, அரசுக் கல்லூரிக் கட்டணத்தில். மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரி இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. டேராடூன் காட்டுயிர் நிறுவனத்திலும் பெங்களூர் தேசிய உயிரியல் மையத்திலும் முதுகலை இடங்கள் மிகக் குறைவு என்பது மெய்தான். பெங்களூரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதினைந்து பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். அந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டுத் துறையே மூடிய கதவு என்று சொல்வது சரியா?

பட்டமே இல்லாதவர்கள் இந்தத் துறையின் உச்சத்தைத் தொட்டதும் நம் மண்ணில்தான் நடந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் நின்றபோது, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போனது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்செடுத்து, காட்டில் திரும்ப விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்தே நெடுங்காலம் போனது. அதில் கைதேர்ந்த வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா, மலைப்பாம்பு பிடிக்க அழைத்துக்கொண்டது. 2023இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். தடைச்சட்டம் பறித்த பிழைப்பை, அதே திறமையை வேறு வழியில் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த ஏற்பாடு அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் முடிந்ததை இன்று இத்தனை இயக்கங்கள் வைத்திருக்கும் அரசால் ஏன் முடியாது?

ஆங்கிலம் ஒரு சுவர் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுவரைக் கட்டியது யார் என்றுதான் கேட்கிறேன். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். இந்திய வனப்பணியின் முதன்மைத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். காட்டையும் மக்களையும் ஒருங்கே ஆளப் போகிற அதிகாரிக்கு இந்த விதி எதற்கு? கீழ்நிலையில் வேறு வகைத் தவறு. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்களை 2024 முதல் குரூப் 4 தேர்வில் சேர்த்துவிட்டார்கள். 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. உடல்தகுதிச் சோதனை தனியாக உண்டு. பழங்குடி இளைஞருக்கெனத் தனிப்பிரிவு வைத்திருப்பது நல்லது. ஆனால் காட்டைப் பற்றியே ஒரு பகுதி இந்தத் தாளில் கிடையாது. நூறு பறவையின் குரலை அடையாளம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியாத பிள்ளைக்கும் இந்தத் தேர்வில் வேறுபாடே இல்லை. பிறகு காட்டுக்கு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படுவதில் என்ன பொருள்?

மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு. மற்ற இரண்டையும்விட என்னைச் சுடுவது அதுதான். "இது சேவை. மனசுக்குப் பிடிச்சுச் செய்யணும், காசை எதிர்பார்க்கக் கூடாது." இதைச் சொல்பவர்கள் துறைக்கு உள்ளேயே இருக்கிறார்கள். மாதக்கணக்கில் சம்பளமில்லாப் பயிற்சி, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு, முடிவில் ஒரு சான்றிதழ். இந்த ஏற்பாட்டில் யார் நிலைப்பார்கள்? வீட்டுக்குப் பணம் அனுப்பத் தேவையில்லாத பிள்ளைகள். அப்படி வடிகட்டிவிட்டு, பணக்காரர் துறை என்று வெளியில் பெயரெடுத்துக் கொடுப்பதும் இதே ஆட்கள்தான். மருத்துவர் மனதுக்குப் பிடித்துத்தான் வைத்தியம் பார்க்கிறார், ஆசிரியர் பிடித்துத்தான் பாடம் நடத்துகிறார். அவர்களிடம் சம்பளம் வாங்காதே என்று யாரும் சொல்வதில்லை.

தெப்பக்காடு யானை முகாமில் பெள்ளி, தாயை இழந்த யானைக்குட்டிகளைக் கணவர் பொம்மனோடு சேர்ந்து வளர்த்தவர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மாநிலத்தின் முதல் பெண் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராக, அவருக்குப் பணி ஆணை வந்தது. அந்த ஆணையை மனமார வரவேற்கிறேன். அவர் செய்த வேலை அதற்குப் பல ஆண்டு முந்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்கர் வராத பெண்கள் எத்தனையோ பேர் நாற்றங்காலிலும் முகாமிலும் இதே போன்ற வேலையில் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்று, பசுமை வேலைவாய்ப்பு வெள்ளமாக வரப்போகிறது, கவலை வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய ஆயிரம் நிறுவனங்கள் சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருக்கிறது. சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் சூழலியல் வல்லுநரை வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இவை சம்பளம் தரும் வேலைகள்தான். ஆனால் மதிப்பீட்டுக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே என்னும்போது, அங்கே உட்காரும் இளம் சூழலியலாளர் கண்டதைக் கண்டபடி எழுத முடியாமல் போகும் இடம் வரும். சம்பளம் அரசிடமிருந்தோ தனியான நிதியிலிருந்தோ வரும் ஏற்பாடு இல்லாமல், இந்த வேலைகளின் எண்ணிக்கையைக் காட்டி நிம்மதியடைய முடியாது.

அரசு சம்பளம் கொடுக்க வேண்டிய வேலைக்கு ஈரநிலங்கள் ஓர் எடுத்துக்காட்டு. ராம்சர் உடன்படிக்கையின் உலகப் பட்டியலில் இடம்பெற்ற தமிழ்நாட்டு ஈரநிலங்கள் 2022 தொடக்கத்தில் ஒன்று, கோடியக்கரை மட்டும். 2025இல் இருபது. பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், வடுவூர், கழுவேலி, நஞ்சராயன் குளம், சக்கரக்கோட்டை என்று பட்டியல் நீளுகிறது. ஒவ்வொன்றுக்கும் நீரளவு, நீரின் தரம், பறவை, மீன், சுற்றியுள்ள நிலப்பயன் இவற்றை ஆண்டு முழுக்கக் குறித்துவைக்க நிரந்தர ஆள் வேண்டும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் 2011 முதல் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் குளம் குளமாகப் போகிறார்கள். அருமையான உழைப்பு. அவர்கள் போகாத மாதங்களில் குளத்தைப் பார்ப்பது யார்? அந்த வேலைக்கு ஒரு நாற்காலியும் ஒரு பைனாகுலரும் ஒரு மாதச் சம்பளமும் போதும். இருபது இடத்துக்கும் சேர்த்து நூறு பேர் என்றாலும், ஒரு மேம்பாலத்தின் விலையில் எத்தனையோ ஆண்டு ஓடும்.

இதை எங்கே கேட்பது என்றால், கிராமசபையிலிருந்தே தொடங்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து வாசியுங்கள் என்று எந்த வாக்காளரும் கேட்கலாம். வாசிக்கும்போது நம் ஏரியின் மீன் அதில் இருக்கிறதா, நம் மந்தைவெளிப் புல்லின் பெயர் இருக்கிறதா, நம் ஊரில் இல்லாத மரம் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று கவனித்துக் கேட்கலாம். பதிவேட்டைத் திருத்தி எழுத ஊரில் படித்த ஒருவரை நியமிக்க வேண்டும், அவருக்குப் பயிற்சியும் மாத ஊதியமும் அரசு தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் அனுப்பலாம்.